இடது டயர் மட்டும்

"வண்டியை லிஃப்ட்ல ஏத்திட்டேன். ஆள் உள்ள காபி குடிக்கிறாரு. உடனே வாங்க," என்று டயர்க்கடை முதலாளியம்மா போனில் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் நாலு கடை தள்ளிக் கேட்கும். அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

நானும் சர்வேயரும். சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அடிபட்ட கார்களைப் பார்த்து, சொந்தக்காரன் சொல்வது நிஜமா புளுகா என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணி. புளுகுதான் அதிகம் என்று தெரிந்த பிறகு, அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். எனக்கு லொடுக்கு என்று பேர் வைத்ததும் அவர்தான். நான் ஓயாமல் பேசுகிறேனாம். அபாண்டம்.

காலையில் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருடைய தம்பி கிரேன் ஓட்டுகிறவர். போன மாதம் ஒரு பெரிய கட்டடத்தில் சாரம் சரிந்து இரண்டு பேர் செத்தார்களே, அதைக் கிரேன் மேலிருந்து கண்ணால் பார்த்த ஒரே ஆள். துருப்பிடித்த கம்பியில் சாரம் கட்டச் சொன்னது கான்ட்ராக்டர்தான் என்று நாளை காலை விசாரணையில் சொல்ல வேண்டியவர். முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து ஆளைக் காணவில்லை.

"கான்ட்ராக்டரோட மச்சினன்தான் தூக்கிட்டான். அகலமான வீல் போட்ட அவனோட கார் எங்க தெருவுல நின்னதைப் பார்த்தவங்க இருக்காங்க. போலீசுக்குப் போனா கான்ட்ராக்டருக்கு அங்க நாற்காலி போட்டு உட்கார வெப்பாங்க. நீங்கதான் என் தம்பியைக் கண்டுபிடிச்சுத் தரணும்," என்றார் அண்ணன்காரர். அவர் அழுத அழுகையில் நானே என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஊரில் அகலச் சக்கரம் மாட்டுகிற கடைகளுக்கெல்லாம் சர்வேயர் ஒரு போன் போட்டு வைத்தார். மத்தியானமே மீன் மாட்டிக்கொண்டது. ஆளைக் கடத்தியவன், அந்த ஆளைக் கடத்திய காரிலேயே வந்து, டயர் சரியில்லை, மாற்றிக் கொடு என்று கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இப்படி ஒரு கடத்தல்காரனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கடைக்குள் நுழைந்தபோது மச்சினன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தான். கதவுக்கு ஏற்ற உயரம், கதவுக்கு ஏற்ற அகலம். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தான். சர்வேயர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனார்.

"டயர் கம்பெனி இன்ஸ்பெக்டர். என்ன கம்ப்ளெயின்ட்?"

"உரசுது மேடம். புது டயர். போட்டு ஒரு வாரம்கூட ஆகல. பின்னாடி இடது பக்கம் ஓரம் பூரா சீவிட்டுப் போயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தரணும்."

"சாயங்காலத்துக்குள்ள அப்படி என்ன அவசரம்?"

அவன் முகம் இறுகியது. "வேலை இருக்கு."

"டயர் உரசின அன்னைக்கு வண்டியில எத்தனை பேர் போனீங்க?"

"நான் மட்டும்தான்."

"பின்னாடி சாமான் எதுவும்?"

"ஒண்ணும் இல்ல. தனியாத்தான் போனேன்னு சொல்றேன்ல?"

இரண்டாவது தடவை குரல் ஏறியது. நான் அவனுடைய கைகளைப் பார்த்தேன். என் கழுத்து அதில் ஒன்றிலேயே தாராளமாக அடங்கும். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன், மரியாதைக்காக.

சர்வேயர் கார் பக்கம் வந்தார். நாலும் பளபளவென்று வெளியிலிருந்து வாங்கி மாட்டிய அகல ரிம். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் மேடம். கேட்டாத்தானே? கார் கம்பெனி போட்டது 205/55, பதினாறு இஞ்சு ரிம். இவர் பதினேழு இஞ்சுல அகல ரிம் வாங்கிட்டு வந்தார். அதுக்கு 225/45 போடுங்கன்னேன். இல்ல, 225/50தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார்."

"அம்பது நாப்பத்தஞ்சைவிடப் பெரிசாச்சே. பரீட்சை மார்க்குன்னு நினைச்சுட்டாரோ?" என்றேன்.

"அந்த ரெண்டாவது நம்பர்தான் எல்லாரையும் கவுக்கும் லொடுக்கு," என்றார் சர்வேயர், டயரின் பக்கச் சுவரில் விரலை வைத்து. "225 அகலம், மில்லிமீட்டர் கணக்கு. ஆனா 50ங்கறது மில்லிமீட்டர் இல்ல. அகலத்துல நூத்துக்கு அம்பது பங்கு இந்த ரப்பரோட உயரம்னு அர்த்தம். அகலம் கூடினா உயரமும் தானா கூடிடும். ரிம்மும் பெரிசாயிருக்கு. அப்ப ரப்பரைக் குட்டையாக்கணும். அப்பத்தான் மொத்தச் சக்கரமும் பழைய உயரத்துல நிக்கும். இவர் குட்டையாக்கல. அதனால சக்கரம் மட்கார்டு பக்கமா ஒரு சுண்டுவிரல் அகலம் உயர்ந்துடுச்சு. அகல ரிம் வேற வெளியில துருத்திக்கிட்டு நிக்குது."

"அப்ப எப்பவும் உரசுமே?"

"அதுதான் இல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "வலது பக்க டயரைப் பாரு."

பார்த்தேன். புதுக்கருக்கு அழியாமல், ரப்பர் மயிர்கூட உதிராமல் இருந்தது. இடது பக்க டயரின் வெளி ஓரமோ சுற்றிலும் ஒரே சீராகச் சீவப்பட்டிருந்தது.

முதலாளியம்மாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அகல வீல் மாட்டினால் பின்சீட்டில் ஆட்களை ஏற்றி, முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி, காதை வைத்துக் கேட்பார். சத்தம் வராமல் இருந்தால்தான் சாவியைக் கொடுப்பார். மச்சினன் அன்றைக்கு அதற்கும் நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"இப்ப செஞ்சு பார்த்துடலாம்," என்றார் சர்வேயர்.

வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கி சர்வேயர் ஓட்ட, நான் மட்டும் பின்னால் உட்கார்ந்தேன். முற்றத்து நடுவில் இருந்த எண்ணெய் டிரம்மை வலப்பக்கமாகச் சுற்றினோம். சத்தம் இல்லை. கடையின் மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து என் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மறுபடி சுற்றினோம். இடது பின்சக்கரத்திலிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரப்பர் கருகும் நாற்றமும் வந்தது. இடப்பக்கமாகச் சுற்றியபோது அதே சத்தம் வலது சக்கரத்திலிருந்து வந்தது.

பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் கிரேன்காரர், இரண்டு பக்கமும் இரண்டு தடியன்கள். நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியதும் சட்டென்று இறங்கிவிட்டேன்.

"மூணு ஆள் பாரம். தனியாப் போனேன்னு புளுகுறான்," என்றேன்.

"பாரம்தான். ஆள்னு யார் சொன்னா?" சர்வேயர் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் விரித்திருந்த கம்பளத்தைத் தடவினார். ஈரம். குனிந்து பார்த்தால் வட்ட வட்டமாக அழுந்திய தடங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

"தண்ணி கேன்," என்றார்.

"கான்ட்ராக்டர் வீட்டுப் பிள்ளை. சிமென்ட் மூட்டையா இருக்கும்னு பயந்தேன்."

"சிமென்ட்டுன்னா நானும் பயந்திருப்பேன். கொல்லப் போறவனுக்கு யாரும் குடிதண்ணி சுமக்க மாட்டாங்க லொடுக்கு. அந்த ஆள் உயிரோட இருக்காரு. தண்ணிக் குழாய் இல்லாத இடத்துல இருக்காரு."

அப்போது என் போன் அடித்தது. அண்ணன்காரர். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவையாவது கூப்பிட்டுவிட்டார். "எங்கேன்னு தெரிஞ்சுதா தம்பி? இடத்தை மட்டும் சொல்லுங்க. நாலு பேரைக் கூட்டிட்டு நானே போயிடறேன்."

"கிட்டத்தட்டப் பிடிச்சாச்சு சார். இன்னும் கொஞ்ச நேரத்துல..." என்று நான் ஆரம்பித்தபோதே சர்வேயர் போனைப் பிடுங்கி அணைத்து என் சட்டைப் பையிலேயே போட்டார்.

"ஒரு குண்டு குழியில விழுந்தா ஒரு இடத்துல மட்டும்தான் கீறும்," என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "இது சுத்திலும் சீவியிருக்கு. அப்படின்னா பாரத்தோட, வலது பக்கமாவே, விடாம ரொம்ப தூரம் திரும்பியிருக்கான். வண்டி இடது பக்கம் சாஞ்சுக்கிட்டே போயிருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒரே பக்கமா சுத்துற ரோடு எது?"

"அப்படிச் சுத்துறது செக்குமாடும் என் மாமனார் பேச்சும்தான்."

"யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். "கார் நிறுத்துற அடுக்குமாடி. அந்தச் சுருள் பாதை. ஆனா மேடம், அது சாரம் சரிஞ்ச கட்டடமாச்சே! சீல் வெச்சுப் பூட்டியிருக்காங்களே!"

"சீல் வெச்ச இடத்துல யார் போய்த் தேடுவா? தண்ணி கனெக்‌ஷனும் வெட்டியாச்சு. ஏறும்போது வலது பக்கம் சுத்தணும், இறங்கும்போது இடது பக்கம் சுத்தணும். பாரத்தோட இறங்கியிருந்தா வலது டயரும் சீவியிருக்கும். அது சுத்தமா இருக்கு. மேல போன எதுவும் கீழ வரல."

மச்சினன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தான். "ஆச்சா? மாத்தித் தர்றீங்களா இல்லையா?"

"தர்றோம். 45 ஸ்டாக் வரணும். அதுவரைக்கும் உட்காருங்க," என்ற சர்வேயர், முதலாளியம்மாவின் காதருகே குனிந்தார். "நாலு வீலையும் கழட்டிடுங்க. நான் சொல்ற வரைக்கும் மாட்டாதீங்க. ஆள் எங்கேயும் போகக் கூடாது."

கடத்தல்காரனின் காரை அந்தரத்தில் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போகிற சுகத்தை நான் அனுபவிக்கத்தான் நினைத்தேன். பயம் விடவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் விசாரணை.

கட்டடத்தின் முன் கேட்டில் சீல் அப்படியே இருந்தது. பின்பக்கம் தகர வேலியில் கார் நுழைகிற அகலத்துக்கு ஒரு தகடு மட்டும் கட்டில்லாமல் சும்மா சாத்தியிருந்தது. நகர்த்திவிட்டு நுழைந்தோம். சாரம் சரிந்த மூலையில் வளைந்த கம்பிகள் இன்னும் குவியலாகக் கிடந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

சுருள் பாதை வலப்பக்கமாக ஏறியது. முதல் வளைவிலேயே சர்வேயர் குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினார். அழிரப்பர் துகள் மாதிரி கறுப்புத் துருவல், சிமென்ட் தரையில் ஒரே கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது. வளைவின் வெளிப்பக்கம் மட்டும். உட்பக்கம் சுத்தமாக இருந்தது.

"மேல காவலுக்கு ஆள் இருந்தா?" என்று கேட்டேன்.

"நீ பேச்சுக் கொடு. அவங்களே விட்டுட்டு ஓடிடுவாங்க."

அவர் ஜோக் அடித்தால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் எனக்கு இன்னும் பயம் கூடியது. ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்டோம். காற்று மட்டும் அடித்தது. மேலே போகப் போக மூச்சு வாங்கியது. வழியில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மொட்டை மாடியில் ஓர் இரும்பு அறை. கட்டட வேலைக்காரர்கள் ஆபீசாக வைத்திருந்தது. வாசலில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. காவலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை. நான் பூட்டை உடைக்கலாம் என்று கம்பியை ஓங்கிக்கொண்டு ஓடினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

பூட்டே இல்லை. நாதாங்கி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

"மேடம், இது உள்பக்கமா தாழ் போட்டிருக்கு!"

சர்வேயர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு அசட்டுத்தனத்தை நான் பார்த்ததே இல்லை. "கடத்திட்டு வந்த ஆளுக்கு யாராவது உள்தாழ்ப்பாள் வெச்சுத் தருவாங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு, கதவை மெதுவாகத் தட்டினார். "டயர்க்கடையில இருந்து வர்றோம்."

தாழ்ப்பாள் விலகியது. மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும், அழுக்குச் சட்டை. காலையில் அண்ணன்காரர் காட்டிய போட்டோவிலிருந்த முகம். ஒரு கீறல்கூட இல்லை.

"அவர் எங்க? அவர் வரலையா?" என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் தேடினார்.

"யாரு? உங்களைத் தூக்கிட்டு வந்தவரா?"

"தூக்கிட்டு வந்தாரா? அவர்தாங்க என்னைக் காப்பாத்தினாரு! சாரத்துல செத்துப்போன ரெண்டு பேர்ல ஒருத்தர் அவரோட உயிர்க் கூட்டாளி. அத்தானோட பாவத்துல எனக்குப் பங்கு வேணாம், நாளைக்கு நீ சாட்சி சொல்ற வரைக்கும் இங்க இருன்னு கூட்டிட்டு வந்தாரு. இன்னும் ரெண்டு வேலைக்காரங்களும் கூட வந்து சொல்றதா இருக்காங்க. பின்னாடி பாரம் ஏறினாலே டயர் கிழியுது, நாளைக்கு மூணு பேரையும் ஏத்திட்டுப் போகும்போது பாதி வழியில வெடிச்சா எல்லாம் போச்சு, சரியான சைஸ் மாத்திட்டு சாயங்காலம் வர்றேன்னு போனாரு."

நாங்கள் கடத்தல்காரன் என்று நினைத்து நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்த மனிதன், கடையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி, யார்கிட்ட இருந்து காப்பாத்தினார்?" என்று கேட்டார் சர்வேயர்.

கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுதான் மேடம் அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு. எங்கண்ணன் கான்ட்ராக்டர் வீட்டுல உட்கார்ந்து, தம்பியை நான் கொண்டாந்து விடறேன்னு சொன்னதைக் காதால கேட்டேங்கறாரு. எங்கண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல. மிரட்டியிருப்பாங்க, பயத்துல தலையாட்டியிருப்பான். ரெண்டு நாளா யோசிச்சுட்டேன். எனக்கு சாட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் அண்ணன்கிட்டப் போறேன். உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துடுவான்."

கையை நீட்டினார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இடத்தை மட்டும் சொல்லுங்க, நாலு பேரைக் கூட்டிட்டு நானே போயிடறேன். காலையிலிருந்து அண்ணன்காரரின் குரல் கேட்டதெல்லாம் இடம், இடம், இடம். நான் சர்வேயரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நானே போடறேன். ஸ்பீக்கர்ல போடறேன்," என்றார் அவர். "நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. உங்க அண்ணன் நீங்க சொல்ற மாதிரி ஆளா இருந்தா, நானே உங்களைக் கொண்டுபோய் அவர் வீட்டுல விடறேன். சத்தியம்."

கிரேன்காரர் தயங்கவே இல்லை. "போடுங்க," என்றார். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

ஒரே மணியில் எடுத்துவிட்டார் அண்ணன்காரர். "சொல்லுங்க மேடம்! எங்க இருக்கான்?"

"ஆள் கிடைக்கல சார்," என்றார் சர்வேயர். அவருடைய குரல் நிஜமாகவே நடுங்கியது. "உங்க தம்பியோட சட்டை மட்டும் கிடைச்சிருக்கு. மனசைத் திடப்படுத்திக்கங்க. சட்டை பூரா ரத்தம்."

போனில் ஒரு சத்தமும் இல்லை. கிரேன்காரர் தாங்க முடியாமல் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐயோ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். எங்க இருக்கு அந்தச் சட்டை என்று கேட்டிருந்தால்கூடப் போதும். நானே உள்ளுக்குள் அதற்காக வேண்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணன்காரர் மெல்ல மூச்சு விட்டார். காலையில் குலுங்கி அழுத குரல் இல்லை அது.

"அப்ப நாளைக்கு விசாரணைக்கு அவன் வரமாட்டான். அப்படித்தானே மேடம்?"

சர்வேயர் போனை அணைத்தார்.

கிரேன்காரர் என் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய் நின்றார். சர்வேயர் அவரைக் கூப்பிடவில்லை. டயர்க்கடைக்கு மட்டும் தாழ்ந்த குரலில் போன் போட்டார். "நாலும் 225/45. இப்பவே மாட்டுங்க. மூணு பேரை உட்கார வெச்சு ரெண்டு பக்கமும் சுத்திப் பார்த்துட்டு அனுப்புங்க. அந்தத் தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

கிரேன்காரர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, குரலில் மட்டும் பிசிறில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மேடம் நான் போய்ச் சொல்லணும்?" என்றார்.